மலை இறங்கும் சைக்கிள்களும் மலையிலேயே இருப்பவர்களும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்னோஷூ என்ற மலையில் நான் பார்த்த டவுன்ஹில் சைக்கிள் போட்டியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அமெரிக்காவின் கிழக்கே நீளும் அப்பலாச்சிய மலைத்தொடரில் வாழ்கிறவர்களைப் ‘பிரியமான ஜனங்கள்’ என்றும் அதில் சொல்லியிருந்தேன். ஆசிரியர் கொடுத்த இடம் அவ்வளவுதான். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் கூடுதலாக நாலு பக்கம் சண்டை போட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது. பாதிப் பேர் சைக்கிளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்கு அந்த அப்பலாச்சிய மலை ஜனங்களைப் பற்றித்தான் ஆவல். கணவரின் வேலையை முன்னிட்டு அந்த மாநிலத்தில் எல்கின்ஸ் பக்கம் பல வருடம் குடியிருந்தவள் என்ற உரிமையில் இரண்டுக்கும் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர், கோவில்பட்டி: டவுன்ஹில் என்றால் எல்லாரும் மலை உச்சியிலிருந்து ஒன்றாகக் கிளம்ப வேண்டும், முதலில் கீழே வருகிறவர் ஜெயித்தார், அப்படித்தானே?

இல்லை தம்பி. அப்படிக் கூட்டமாக அவிழ்த்துவிட்டால் பாதிப் பேர் முதல் வளைவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள். பக்கத்தில் ஆள் கிடையாது, கடிகாரம் ஒன்றுதான் எதிராளி. மேலிருந்து கீழே வர மூன்று நான்கு நிமிடம், பாதையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

அந்த நான்கு நிமிடத்துக்கு முன்னால் நடக்கிற விஷயங்கள்தான் எனக்கு அதிகம் பிடித்தவை. முதல் நாள் சைக்கிளைத் தொடவே மாட்டார்கள். பாதை முழுவதையும் நடந்தே பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாடா கட்டியிருக்கும். நாடாவுக்குள் எந்த வழியாகப் போனாலும் அவரவர் இஷ்டம். ஆக, எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போவது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வெற்றி. இருபது வயது கூட இருக்காது, ஒரு பையன் ஒரு வேரின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேர். முந்தைய வருடங்களில் சக்கரம் ஏறி ஏறிப் பட்டை உரிந்து, மழையில் நனைந்து மினுமினுவென்று கிடந்தது. ஷூ நுனியால் அதைத் தேய்த்துப் பார்த்தான். நாலடி மேலே ஏறிப் போய் அங்கிருந்து பார்த்தான். உள்ளங்கையைச் சைக்கிளாக்கிக் காற்றில் இப்படியும் அப்படியும் ஓட்டினான். கடைசியில், வேரைத் தொடாமல் இடப்பக்கத்துப் பாறை மேல் ஏறித் தாண்டிவிடுவது என்று பயிற்சியாளரும் அவனுமாக முடிவு செய்தார்கள். பந்தயத்தன்று அதே இடத்தில் போய் நின்றேன். அவன் வந்த வேகத்தில் எனக்கு வேரும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. சர்ரென்று ஒரு சத்தம், முகத்தில் சேறு, அவ்வளவுதான்.

நடைக்கு அப்புறம் பயிற்சி, அதற்கு அப்புறம் தகுதிச் சுற்று. 2023இல் அரையிறுதி என்று ஒன்றையும் சேர்த்தார்கள், 2025இல் எடுத்துவிட்டார்கள். இறுதிச் சுற்றில் தகுதிச் சுற்றின் வேகக்காரர் கடைசியாக இறங்குவார். அதுவரை யாருடைய நேரம் குறைவோ அவர் கீழே போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னை எழுப்ப யார் வருகிறார் என்று மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாவம், சிலர் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுந்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு வினாடிக்குள்தான் எல்லாம் தீர்மானமாகும். அதனால்தான் 2011 உலகச் சாம்பியன் போட்டியை இன்றைக்கும் பேசுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில் கொட்டுகிற மழையில் இங்கிலாந்துக்காரர் டேனி ஹார்ட் 11 வினாடிக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே ஹார்ட்தான் 2019இல் ஸ்னோஷூவில் முதன்முதலாக உலகக் கோப்பைப் போட்டி நடந்தபோதும் முதலிடம். வருடம் முழுக்க நடந்த சுற்றுகளின் புள்ளிகளைக் கூட்டித் தருகிற வருடக் கோப்பை மட்டும் பிரான்சின் லோயிக் புருனிக்குப் போனது.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: அந்தச் சைக்கிள் என்ன விலை இருக்கும்?

புதிதாக வாங்கினால் ஐயாயிரம் டாலரில் தொடங்கிப் பத்தாயிரம் டாலர் வரை போகும். இங்கே ஒரு சின்னக் கார். அந்த விலைக்கு மணியும் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது, கேரியரும் கிடையாது.

ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக், சேலம்: அவ்வளவு சரிவில் பிரேக் எப்படித் தாங்குகிறது? சங்கிலி அறுந்தால் கதி?

கேட்க வேண்டியவர் கேட்டிருக்கிறீர்கள், ஐயா.

இந்த விளையாட்டே பிரேக் சூட்டில் பிறந்ததுதான். 1976இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை ஒரு மண்பாதையில் இறக்கி நேரம் பார்த்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிடிக்கிற பிரேக் அந்தச் சைக்கிள்களில். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது ‘திரும்ப அடை’, என்றே பெயர் விழுந்துவிட்டது.

இப்போது எல்லாம் ஆயில் டிஸ்க் பிரேக். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற ஒரு காலிப்பரில் நாலு பிஸ்டன், தட்டு 200 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஒரு விரல் போதும். முன்னால் மோட்டார் சைக்கிள் மாதிரி மேலும் கீழும் இரண்டு தட்டில் பிடித்த ஃபோர்க், 200 மில்லிமீட்டர் அமுங்கும். பின்னாலும் கிட்டத்தட்ட அதே அளவு. சக்கரத்தில் ஒரு வேடிக்கை: முன்னால் பெரியது, பின்னால் சிறியது. இரண்டு அளவையும் கலந்து போட 2019இல்தான் விதியைத் தளர்த்தினார்கள். பெரிய சக்கரம் கல்லில் சுலபமாக ஏறும். சரிவில் உடம்பைப் பின்னுக்குத் தள்ளும்போது சிறிய சக்கரம் முதுகுப்புறத்தைத் தேய்க்காது. டயருக்குள் ட்யூப் கிடையாது, ஓட்டையை அடைக்கிற திரவம் இருக்கும்.

சங்கிலி விஷயத்துக்கு வருகிறேன். 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் ஆரன் க்வின் என்ற அமெரிக்கர் புறப்பாட்டு மேடையை விட்டு இறங்கி மிதித்த மாத்திரத்தில் சங்கிலி அறுந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை. பெடலை மறந்துவிட்டு, மேட்டில் உடம்பை அமுக்கி, இறக்கத்தில் எடையைத் தளர்த்தி, முடிந்த இடத்திலெல்லாம் பிரேக்கைத் தொடாமல் வந்து முதலிடம் வாங்கினார். கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதைவிட கை எப்போது பிரேக்கை விடுகிறது என்பதுதான் இந்த விளையாட்டு என்று அன்றைக்கு உலகமே பார்த்தது. நியூட்ரலில் மலை இறக்குகிற டிரைவர்களைத் திட்டித் திட்டி வளர்ந்த நீங்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

ஒரு தாய், மதுரை: என் மகன் இந்த வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அடிபடுமா?

படும். பொய் சொல்ல மாட்டேன். என் கணவர் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கோடையில் காறை எலும்பு முறிந்த பையன்கள் சேறும் சகதியுமாக வருவார்கள். விழும்போது கையை நீட்டித் தாங்கப் பார்ப்பார்கள், அந்த வேகம் நேராகத் தோளில் ஏறும். மணிக்கட்டு அடுத்தது. தலை அடியைத்தான் டாக்டர்கள் பயத்தோடு பார்ப்பார்கள். தாடை வரை மூடிய ஹெல்மெட், முட்டிக் காப்பு எல்லாம் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். அப்படியும் மூளை குலுங்கினால் வாரக்கணக்கில் ஓய்வுதான். பெரிய காயத்துக்கு மார்கன்டவுன் வரை போக வேண்டும், மலைப்பாதையில் அது லேசான தூரம் இல்லை.

மகனிடம் முதலில் ஒரு நல்ல ஹெல்மெட் கேட்கிறானா, நல்ல சைக்கிள் கேட்கிறானா என்று பாருங்கள். ஹெல்மெட் என்றால் பேசலாம்.

கல்லூரி மாணவி, திருப்பூர்: பெண்கள் இதே பாதையில்தான் இறங்குகிறார்களா?

அதே பாதை, அதே கல், அதே வேர். 2016இல் இங்கிலாந்தின் ரேச்சல் ஆதர்டன் அந்த வருட உலகக் கோப்பையின் 7 சுற்றையும் ஜெயித்து, உலகச் சாம்பியன் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார். 2019 ஸ்னோஷூவில் பிரான்சின் மரீன் கபிரூ முதலிடம், வருடக் கோப்பை ஆஸ்திரேலியாவின் ட்ரேசி ஹன்னாவுக்கு.

வங்கி ஊழியர், காரைக்குடி: பனிச்சறுக்கு மலையில் சைக்கிளுக்கு என்ன வேலை?

பனி கரைந்த பிறகு மலைக்கு வேறு வேலை இல்லை, அதுதான் காரணம். நாற்காலி லிஃப்ட் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அதன் பின்னால் ஒரு கொக்கி வைத்தால் சைக்கிளை மாட்டி மேலே அனுப்பலாம். கோடை வருமானம் ஆயிற்று.

ஸ்னோஷூவில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற பனிச்சறுக்கு ஊர்களில் விடுதியும் கடைகளும் அடிவாரத்தில் இருக்கும், நீங்கள் லிஃப்டில் மேலே போவீர்கள். இங்கே ஊர் உச்சியில், 4,848 அடியில் உட்கார்ந்திருக்கிறது. ஏரியும் லிஃப்ட் அடிவாரமும் கீழே. 1974இல் இதைத் தொடங்கியவர் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர், பிரிகம் என்று பெயர். மேற்கு வர்ஜீனியாக்காரர்களின் பல்லைப் பற்றி அமெரிக்கா முழுக்க ஜோக் அடிப்பார்கள். அங்குள்ள பெரிய உல்லாச நகரத்தைக் கட்டியது பல் டாக்டர் என்று அங்கே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த மலைக்காடு ஒரு தடவை சுத்தமாக மொட்டையடிக்கப்பட்ட காடு. 1901இல் ஒரு காகிதக் கம்பெனி கீழே காஸ் என்ற ஊரையே கட்டி, மரம் இழுக்க ரயில் போட்டது. ஷே என்ற ஒரு வகை நீராவி எஞ்சின், எல்லாச் சக்கரத்துக்கும் பல்சக்கரத்தால் விசை போகும், அதனால் செங்குத்து மேட்டிலும் ஏறும். மரம் தீர்ந்தது, 1960இல் மில் மூடியது, 1963இலிருந்து அதே ரயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறது. இன்றைக்குப் பந்தயப் பாதையில் நிற்கிற ஸ்ப்ரூஸ் எல்லாம் அதற்கப்புறம் தானாக முளைத்தவை. மேல்மண் மெலிந்த மலை, ஓயாத மழை. வேர் பூமிக்குள் போகாமல் மேலேயே படர்கிறது. சைக்கிள்காரர்கள் சபிக்கிற அந்த வழுக்கலுக்குப் பூர்வ கதை இதுதான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: யூடியூபில் அப்பலாச்சியா என்று தேடினால் இடிந்த வீடு, பல் இல்லாத முதியவர், துப்பாக்கி இவைதான் வருகின்றன. நீங்கள் ‘பிரியமான ஜனங்கள்’ என்று எழுதுகிறீர்கள். எது நிஜம், அம்மா?

சார், இரண்டும் ஒரே ரோட்டில் இருக்கிறது. ஆனால் அந்த வீடியோக்காரர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு பாட்டி. வாசல் திண்ணையில் ஒரு பழைய வாஷிங் மெஷின் இருந்தது, மூடி இல்லாமல், அதற்குள் பூச்செடி. புறக்கடையில் ஓடாத பிக்கப் வண்டி ஒன்று, பக்கத்தில் ஓடுகிற பிக்கப் ஒன்று. பந்தய வாரங்களில் வெளிமாநில நம்பர் வண்டிகள் அந்த வழியாகப் போகும். ஒன்றிரண்டு வேகத்தைக் குறைக்கும், கண்ணாடி இறங்கும், கையில் போன் தெரியும், படம் எடுத்துவிட்டுப் போய்விடும். பாட்டி எழுந்து உள்ளே போக மாட்டார். ஆடுகிற நாற்காலியை நிறுத்தி, கையைத் தூக்கி ஒரு தடவை ஆட்டுவார். “படத்தில் நான் நன்றாக விழட்டும்” என்பார் என்னிடம். அவருடைய ஓடாத வண்டியிலிருந்துதான் ஓடுகிற வண்டிக்கு ரேடியேட்டரும் கதவுப் பிடியும் வந்தன. உதிரிபாகக் கடை நாற்பது மைல் தள்ளி இருக்கிற ஊரில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். படம் எடுத்தவருக்குக் குப்பையாகத் தெரிந்தது பாட்டியின் ஸ்டோர் ரூம்.

இந்தக் கேமரா விஷயம் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. 1964இல் ஜனாதிபதி ஜான்சன் வறுமை மீது போர் என்று அறிவித்துவிட்டுப் பக்கத்து மாநிலமான கென்டக்கியின் ஐனெஸ் ஊருக்குப் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் குந்தியிருந்து பேசினார். அந்தப் படம் நாடு முழுக்க அச்சானது. அதைத் தொடர்ந்து பத்திரிகை, டிவி எல்லாம் கும்பலாக மலைக்கு ஏறி அழுக்குக் குழந்தைகளாகத் தேடித் தேடி எடுத்தார்கள். 1967இல் கிழக்குக் கென்டக்கியில், கனடாவிலிருந்து வந்த ஹியூ ஓகானர் என்ற படத் தயாரிப்பாளர், ஒரு வாடகை வீட்டில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளியை அவர் சம்மதத்தோடுதான் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் சொந்தக்காரர் ஹோபர்ட் ஐசன் துப்பாக்கியோடு வந்து ஓகானரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் உள்ளூரில் பலர் ஐசன் பக்கம் நின்றார்கள். தங்களைக் காட்டி யாரோ பிழைக்கிறார்கள் என்ற எரிச்சல் அத்தனை வருடமாக அங்கே சேர்ந்திருந்தது.

சைக்கிள் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் உச்சியில் தங்கி, உச்சியில் சாப்பிட்டு, லிஃப்டில் ஏறி, நாலு நிமிடத்தில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை இரவே போய்விடுகிறார்கள். அவர்கள் கண்ட ‘அப்பலாச்சியா’ என்பது பெட்ரோல் பங்க் ஒன்று, வழியில் கார் ஜன்னலில் தெரிந்த வீடுகள் சில. சிலர் ஸ்னோஷூவில் நின்றுகொண்டே “நிலக்கரிச் சுரங்கம் எங்கே?” என்று கேட்பார்கள். அந்தக் கவுண்ட்டி மர வியாபாரத்தில் வளர்ந்தது. கரி தெற்கிலும் தென்மேற்கிலும் வடக்கிலும்தான். 1921இல் பிளேர் மலையில் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளிகள் துப்பாக்கி ஏந்திச் சங்கம் வைக்கும் உரிமைக்காகக் கம்பெனி ஆட்களோடு மோதி, கடைசியில் ராணுவம் வந்து நின்றதே, அது லோகன் கவுண்ட்டியில். மாநிலம் ஒன்றுதான், ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் கதை அடுத்த பள்ளத்தாக்கில் செல்லாது.

இனி, வீடியோக்காரர்கள் காட்டுவதில் நிஜம் எவ்வளவு? இருக்கிறது. 1950இல் 20 லட்சம் பேர் இருந்த மாநிலத்தில் 2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 17 லட்சத்து 94 ஆயிரம் பேர்தான். 1950ஐவிட ஜனத்தொகை குறைந்த மாநிலம் அமெரிக்காவிலேயே அது ஒன்றுதான். இளசுகள் வேலைக்கு வெளியே போய்விட்டார்கள், நம் கரிசல் காட்டு ஊர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். போதை மாத்திரைச் சாவு விகிதத்தில் பல வருடமாக நாட்டிலேயே முதலிடம். கெர்மிட் என்று ஓர் ஊர், நானூறு பேர் கூட இல்லை. அங்கே ஒரே மருந்துக் கடைக்கு இரண்டு வருடத்தில் சுமார் 90 லட்சம் வலி மாத்திரைகள் வந்திறங்கின. அதை வெளியே கொண்டுவந்தது சார்ல்ஸ்டன் ஊரின் உள்ளூர்ப் பத்திரிகை. 2017இல் புலிட்சர் பரிசும் வாங்கியது. மாத்திரையை விற்ற லாபம் எந்த மலையிலும் தங்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவரைக் காட்டுகிற வீடியோ இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

துப்பாக்கி? வீட்டுக்கு வீடு உண்டு. நவம்பர் கடைசி வாரம் மான் வேட்டைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை. வேட்டையாடிய மான் குளிர்ப்பெட்டிக்குப் போய், மாசக் கணக்கில் குழம்பாகும்.

பிரியம் என்று எழுதினேனே, அதற்கும் விவரம் தருகிறேன். பனி கொட்டிய முதல் குளிர்காலத்தில் காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் வண்டிப்பாதை துடைத்துவிட்டது போல் இருந்தது. பாட்டியின் மகன் டிராக்டரில் வந்து தள்ளிவிட்டுப் போயிருந்தார். காசு கொடுக்கப் போனால் கோபம். அதே மனிதர் எங்களை எங்கே பார்த்தாலும் “எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?” என்று கேட்பார். எதற்கும் போவதில்லை என்றால் அடுத்த ஞாயிறு தன்னோடு வரச் சொல்வார். இட்லியைக் கொடுத்தால் ஆராய்ச்சியாகப் பார்த்துவிட்டு நாய்க்குப் போட்டார், நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தேங்காய்ச் சட்னியை மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டு அனுப்பினார்கள்.

ஐ.டி. ஊழியர், சென்னை: அங்கே செல்போன் எடுக்காதாமே?

எடுக்காத இடங்கள் நிறைய. ஸ்னோஷூவிலிருந்து அதிக தூரமில்லாத க்ரீன் பேங்கில், 100 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருக்கிறது, 2000இலிருந்து இயங்குகிறது. வானத்திலிருந்து வரும் மெல்லிய அலைகளைக் கேட்பதற்காக 1958லேயே 13,000 சதுர மைலை ரேடியோ அமைதிப் பகுதி என்று ஒதுக்கிவிட்டார்கள். டவர் வைப்பதென்றால் அவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். தொலைநோக்கியின் அருகே டீசல் வண்டிதான் போகலாம், பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் ப்ளக் கூட இடைஞ்சல். வெளியூர்ப் பையன்கள் முதல் நாள் தவித்துப்போவார்கள். இரண்டாம் நாள் பெட்ரோல் பங்கில் வழி கேட்டுப் பழகிவிடுவார்கள்.

ஆட்டோ ஓட்டுநர், விழுப்புரம்: ரோட்டில் அடிபட்டுச் செத்த மிருகத்தைச் சமைப்பார்களாமே?

சட்டப்படி எடுத்துக்கொள்ளலாம், 1998இலிருந்து. எடுத்த விஷயத்தை வனத்துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். மார்லிண்டனில் செப்டம்பர் கடைசியில் அதன் பெயராலேயே ஒரு சமையல் போட்டி நடத்தி, வருகிற கூட்டத்திடம் நன்றாகக் காசு பார்க்கிறார்கள். ஊரார் நம்மை எப்படி நினைக்கிறார்களோ அதையே டிக்கெட் போட்டு விற்கிற சாமர்த்தியம்! தினப்படிச் சாப்பாடு அதுவல்ல. பின்ட்டோ பீன்ஸை உப்புக் கண்டத்தோடு வேகவைத்து, சோள ரொட்டியோடு தின்பார்கள். காலையில் பிஸ்கட் என்று மெத்தென்ற ஒரு ரொட்டி, மேலே மாவும் பாலும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு. ஏப்ரலில் காட்டுப் பூண்டு மாதிரி ‘ராம்ப்’ என்ற கீரை, சாப்பிட்டால் இரண்டு நாள் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. சைக்கிள்காரர்கள் பையில் பெப்பரோனி ரோல் இருக்கும். பன்னுக்குள் காரமான இறைச்சித் துண்டு வைத்துச் சுடுவது. 1927வாக்கில் ஃபேர்மான்ட் ஊரில் ஓர் இத்தாலிய ரொட்டிக்கடைக்காரர் சுரங்கத்துக்குக் கொண்டுபோக வசதியாகச் செய்தது, இப்போது மாநிலத்துக்கே அடையாளம்.

செவிலியர், வேலூர்: அந்த மலைக்குத் தமிழர்கள் எப்படிப் போனீர்கள்?

ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் மாட்டிக்கொண்டு. மேற்படிப்புக்கு ஜே-1 விசாவில் போன டாக்டர், படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்பியாக வேண்டும். டாக்டர் இல்லாத வட்டாரத்தில் மூன்று வருடம் வேலை பார்க்கச் சம்மதித்தால் அந்த நிபந்தனையைத் தள்ளுபடி செய்வார்கள். 1994இலிருந்து மாநிலங்களுக்கு இதற்கென்றே ஒதுக்கீடு. அப்பலாச்சிய வட்டாரத்துக்காக 1965இல் ஏற்படுத்திய அப்பலாச்சிய ஆணையமும் தனியாகப் பரிந்துரைக்கும். அப்படித்தான் நம்மவர்கள் பலர், பெயரே கேள்விப்படாத ஊர்களில் ஒரே டாக்டராகப் போய் உட்கார்ந்தார்கள். பலர் மூன்று வருடம் முடிந்த மறுநாளே பெரிய ஊருக்குக் கிளம்பினார்கள். சிலர் தங்கிவிட்டார்கள். பாட்டிகள் பையில் தக்காளியும் வெள்ளரிக்காயும் கொண்டுவந்து கிளினிக்கில் வைத்துவிட்டுப் போகிற ஊரை விட்டுக் கிளம்ப என் கணவருக்கும் மனம் வரவில்லை. கோயிலுக்கு மூன்று மணி நேரம் காரோட்டிப் பிட்ஸ்பர்க் போவோம், 1976லேயே கட்டிய வெங்கடேஸ்வரர் கோயில். திரும்பி வரும்போது டிக்கி முழுக்க அரிசி மூட்டை.

சிறுதொழில் செய்பவர், ஓசூர்: போட்டியால் உள்ளூர்க்காரர்களுக்கு லாபம் உண்டா?

உண்டு, கேட்கிற ஆளைப் பொறுத்து. 2019க்குப் பிறகு 2021இல் ஒரே வாரத்தில் இரண்டு டவுன்ஹில் போட்டி, அப்புறம் 2022, 2023 என்று உலகக் கோப்பை அங்கே வந்தது. அந்த நாட்களில் விடுதி, பங்க், பீட்சாக் கடை எல்லாம் நிரம்பி வழியும். எட்டாயிரம் பேர் கூட இல்லாத போக்காஹன்டாஸ் கவுண்ட்டியில் அது சின்னக் காசு இல்லை. லிஃப்ட் ஓட்டுகிற பையனுக்கும் பாதை வெட்டுகிற பெண்ணுக்கும் ஊரை விட்டுப் போகாமல் சம்பளம் கிடைக்கிறது. ஆனால் வேலை பருவத்துக்குத்தான். மணிக்கூலி. உச்சியில் ஒரு வீட்டின் வாரவாடகையைக் கேட்டால், அதே வீட்டைக் கூட்டித் துடைக்கிறவர் வாய் பிளப்பார். என் அபிப்பிராயத்தில், மரம் வெட்டப் போட்ட ரயில், கரி அள்ளப் போட்ட ரோடு இவற்றோடு ஒப்பிட்டால் சைக்கிள் மோசமில்லை. மலை அங்கேயே இருக்கிறது. பணம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கம்பெனியிடம்.

வாசகர், ஊட்டி: அமெரிக்காவில் மகனிடம் போகப் போகிறேன். இப்படி ஒரு போட்டியைப் பார்க்க வாய்த்தால் எங்கே நின்று பார்ப்பது?

முடிவுக் கோட்டில் நிற்காதீர்கள். அங்கே பெரிய திரைதான் தெரியும், அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாதையோரமாகக் காட்டுக்குள் மேலே ஏறுங்கள். கல் நிறைந்த, சரிவான இடமாகப் பார்த்து நாடாவுக்கு வெளியே, வளைவின் உள்பக்கத்தில் நில்லுங்கள், வெளிப்பக்கம் நின்றால் சறுக்கி வருகிறவர் உங்கள் மேல்தான் விழுவார். நல்ல பிடிப்புள்ள ஷூ, மழைக்கோட்டு, தண்ணீர், கையில் சில்லறை. வரைபடத்தை முன்னாலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், மான் குறுக்கே வரும். எதிரே வருகிற வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினால் நீங்களும் தூக்குங்கள். திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால், போனை எடுக்காமல் கையை ஆட்டுங்கள். ஊட்டிக்காரருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.